பாறை காட்டிய கிழக்கு

சூரியன் எந்தத் திசையில் உதிக்கும் என்ற கேள்விக்குத் தப்பாக விடை சொன்ன ஜியாலஜி பட்டதாரி, எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். வாயால் மட்டும் சொல்லியிருந்தால் எல்லாரும் மறந்திருப்பார்கள். நான் சொன்னதைக் கருங்கல்லும் சிமெண்டும் போட்டு அப்படியே கட்டிவிட்டார்கள். சாந்தன்பாறைப் பக்கம் போனால் இன்றைக்கும் பார்க்கலாம். வெளிர் பச்சைச் சுவரும் ஓட்டுக் கூரையுமாக ஒரு சின்ன வீடு, சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அது என் அப்பாவின் வீடு. அப்பா சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தார். அம்மா அதே எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தாள். நாங்கள் குடியிருந்தது லயத்தில், அதாவது ஒரே கூரைக்குக் கீழே ஆறு குடும்பங்கள் வரிசையாக இருக்கும் எஸ்டேட் வீட்டில். எங்கள் வாசலுக்கு நேர் எதிரே நாலடி தூரத்தில் ஒரு மண்திட்டு. காலையில் கதவைத் திறந்தால் திட்டு. சாயங்காலம் திறந்தாலும் அதே திட்டு. சூரியன் அதைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்து சேரப் பத்து மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம்.

குளிரிலும் ஈரத்திலும் நின்று நின்று அப்பாவின் முழங்கால் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. ரிட்டயர் ஆனால் லயத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டும் என்பதால் சாந்தன்பாறைக்குப் பக்கத்தில் பத்து சென்ட் நிலம் வாங்கிப் போட்டிருந்தார். அங்கே கட்டப்போகும் வீட்டைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். மாடி கேட்கவில்லை, மார்பிள் கேட்கவில்லை. கிழக்குப் பார்த்து ஒரு சிட்-அவுட், அதாவது வாசலை ஒட்டித் திறந்த திண்ணை வேண்டும். காலையில் அங்கே நாற்காலியைப் போட்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்டுக் காலை நீட்டி, பால் விடாத கட்டன் சாயா குடிக்க வேண்டும்.

"வெயிலு இந்த ரெண்டு முட்டுலயும் விழணும். அம்புட்டுத்தான் எனக்கு" என்பார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

நான் அப்போது பாலக்காட்டில் ஜியாலஜி இரண்டாம் வருடம். எங்கள் எஸ்டேட்டிலிருந்து கல்லைப் பற்றிப் படிக்கப் போன முதல் ஆள். (கல்லைப் படித்து என்ன ஆகப்போகிறாய் என்று லயத்தில் கேட்காதவர்கள் கிடையாது. அப்பா மட்டும் கேட்கவில்லை.) ஜூலையில் அஸ்திவாரம் தோண்ட நாள் குறித்ததும் அப்பா போன் செய்தார்.

"ஏ ஜெசி, இங்க ரெண்டு வாரமா ஒரே மஞ்சு. சூரியன் மொகத்தையே பாக்க முடியல. உன் காலேஜ்ல தெச பாக்குற மிசின் எதோ இருக்குன்னு சொன்னியே, அதக் கொண்டுட்டு வா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக என் படிப்பு ஒருவருக்குத் தேவைப்படுகிறது! லேப் அட்டெண்டர் பழனிச்சாமி அண்ணனிடம் போய்க் கெஞ்சினேன். கொழிஞ்சாம்பாறைக்காரர். லேபில் இருக்கும் ஒவ்வொரு கல்லையும் தன் தோட்டத்துத் தேங்காய் மாதிரி காவல் காப்பவர்.

"ஏங் கண்ணு, இது பித்தளைக் காம்பஸ்ஸு. கீழ போட்டீன்னா பொறகு எனக்கு வேலை இருக்காது. பத்தரமாக் கொண்டு போய்ட்டு, பத்தரமாக் கொண்டு வந்துரோணும்" என்று துணியில் சுற்றிக் கொடுத்தார்.

பத்திரமாகத்தான் கொண்டு போனேன். காம்பஸ்ஸுக்கு ஒரு கீறல் விழவில்லை. அதை மட்டும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

எங்கள் நிலம் சரிவில் இருந்தது. மேலே ஜீப் ரோடு, கீழே பள்ளத்தாக்கு. நடுவில் எருமை படுத்திருப்பது போல ஒரு கறுப்புப் பாறை. அதை ஒட்டி இடி விழுந்து கருகிப்போன ஒரு மரத்தின் அடிக்கட்டை. எங்கும் மஞ்சு, பத்தடி தள்ளி நின்றவர் யார் என்று குரலை வைத்துத்தான் தெரிந்தது. தரை முழுக்க அட்டை. ஒரு நிமிடம் நின்றால் காலில் நாலு ஏறும். அட்டை ஏறாத இடம் அந்தப் பாறை ஒன்றுதான். ஆகவே நான் பாறைமேல் ஏறினேன். என் அழிவு அங்கேதான் தொடங்கியது.

காம்பஸ்ஸைப் பாறையின் தட்டையான உச்சியில் வைத்தேன். ஊசி கொஞ்ச நேரம் நடுங்கியது, பிறகு ஒரு பக்கமாகத் திரும்பி அசையாமல் நின்றது. நான் கண்ணைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, ஒரு முழு விஞ்ஞானி முகத்தை வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் கையை நீட்டினேன்.

"கிழக்கு அங்க இருக்கு."

வீடு கட்ட வந்திருந்தவர் முருகையா மேஸ்திரி. போடியிலிருந்து வந்து பூப்பாறையில் தங்கி இருபது வருடமாக அந்த மலையில் வீடு கட்டுகிறவர். வாயிலிருந்த பீடியை எடுத்தார்.

"பாப்பா, அது மேக்குல்ல? கெழக்கு இந்தப் பள்ளத்துப் பக்கம்."

"அண்ணே, கண்ணால பாத்துச் சொல்றது வேற. கருவி சொல்றது வேற."

"இல்ல பாப்பா, தெனமும் காலைல இங்கிட்டுத்தான..."

"பூமிக்குன்னு ஒரு காந்தப்புலம் இருக்கு. அத இந்த ஊசி உணருது. தெரியுமா உங்களுக்கு?"

"அது இருந்துட்டுப் போகட்டும் பாப்பா. சூரியன் எங்கன வரும்னுதான கேட்டீக?"

நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். படிக்காதவர்களைப் பார்த்துப் படித்தவர்கள் சிரிக்கும் ஒரு சிரிப்பு உண்டு. அந்த வயதில் எனக்கு அது நன்றாக வரும். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆனாலும் விஞ்ஞான முறை என்று ஒன்று இருக்கிறதே! மூன்று முறை அளந்தேன். (மூன்றும் அதே பாறைமேல். கீழே இறங்கினால் அட்டை.) பிறகு செல்போன் காம்பஸ்ஸையும் திறந்தேன். அது திருத்திக்கொள்வதற்காக என்னைக் காற்றில் எட்டுப் போடச் சொன்னது. மஞ்சுக்குள் ஒரு பெண் பாறைமேல் நின்று கையைச் சுழற்றுவதைப் பார்த்துக் கல் சுமக்க வந்த ஆட்கள் இரண்டடி பின்னால் போனார்கள். போனைக் கையில் உயரத் தூக்கினால் கிழக்கு என்று பள்ளத்தைக் காட்டியது. பாறைமேல் வைத்தால் ரோட்டைக் காட்டியது. இரண்டு இடத்தில் இரண்டு விடை வந்தால் ஏன் என்று யோசிப்பவர்தான் விஞ்ஞானி. நான் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

"போன் சரியில்ல. காம்பஸ்தான் கரெக்ட்."

மேஸ்திரி அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எம் மக அதுக்குன்னே படிக்கிறா மேஸ்திரி. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். ரோட்டுப் பக்கமே வாசல வைங்க."

மேஸ்திரி பீடியைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு திசையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

கிளம்பும்போது அந்தப் பாறையிலிருந்து ஒரு துண்டைச் சுத்தியலால் உடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கறுப்பாக, அளவுக்கு மீறிக் கனமாக, அழகாக இருந்தது. அப்போதுகூட எனக்குப் பொறி தட்டவில்லை. இத்தனைக்கும் போன செமஸ்டரில் காந்தக்கல்லைப் பற்றிய கேள்விக்கு இருபதுக்குப் பதினெட்டு வாங்கியவள் நான். மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமம், நிறம் கறுப்பு, கனம் அதிகம், இயற்கையிலேயே காந்தத்தால் ஈர்க்கப்படும் என்று வரிசையாக எழுதி, கடைசியில் 'இப்பாறைகளின் அருகே காம்பஸ் தவறான திசையைக் காட்டும்' என்று அடிக்கோடும் போட்டிருந்தேன். எழுதியது கை. தலைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

பாலக்காட்டுக்குத் திரும்பியதும் காம்பஸ்ஸைப் பழனிச்சாமி அண்ணனிடம் கொடுத்தேன். பைக்குள் மறந்து கிடந்த கல் துண்டை ஆகஸ்டில் ஒரு சாயங்காலம்தான் அவர் மேசைமேல் வைத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போனேன். மறுநாள் காலை லேபில் நுழைந்ததும் கூப்பிட்டார்.

"ஏங் கண்ணு, இது என்ன கல்லு? எங் குண்டூசியெல்லாம் புடிச்சு வெச்சுக்குதே!"

கல்லின் ஒரு முனையில் ஏழெட்டுக் குண்டூசிகள் முள்ளம்பன்றி மாதிரி குத்திட்டு நின்றன. நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் எங்கள் ஜியாலஜி மேடமும் வந்துவிட்டார். அவருக்கு ஒரே சந்தோஷம். மேக்னடைட் காந்தத்தால் ஈர்க்கப்படுமே ஒழிய, தானே இப்படி வலுவான காந்தமாக இருப்பது அபூர்வம் என்றார். மின்னல் விழுந்த பாறையில் அப்படி ஆவதுண்டாம்.

"எங்க எடுத்தே ஜெசிந்தா? வெரி குட்! பக்கத்துல காம்பஸ் வெச்சா ஊசி எப்படித் திரும்பும் தெரியுமா?"

"தெரியும் மேடம்" என்றேன். சாவு வீட்டிலிருந்து பேசுகிறவள் குரலில்.

அன்று சாயங்காலமே அப்பாவுக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனை எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தொடங்கிவிட்டார். அஸ்திவாரம் முடிந்து சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டதாம். சிட்-அவுட் தரைக்குச் சிவப்பு ஆக்சைடு போடப்போகிறார்களாம். ஒரு நாற்காலி பார்த்து வைத்திருக்கிறாராம், கை வைத்தது.

"ஜெசி, கால் நீட்ட ஒரு முக்காலியும் வாங்கட்டா?"

"வாங்குங்கப்பா" என்றேன். போனை வைத்துவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் உலகமே மழை நிற்க வேண்டும் என்று வேண்டியபோது, நான் ஒருத்தி மட்டும் மஞ்சு விலகக் கூடாது என்று முழங்காலில் நின்றேன். ஆண்டவர் எவ்வளவு குழம்பினாரோ தெரியாது. அப்பாவின் கண்ணில் விஷயம் படாததற்கும் காரணம் இருந்தது. ஃபேக்டரி வேலை முடியும்வரை அவர் சாந்தன்பாறைக்கு ஞாயிறு மட்டும்தான் போனார். பூசை முடிந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர மதியமாகிவிடும். உச்சி வெயிலில் எந்த வீடும் எந்தத் திசையையும் பார்ப்பதில்லை. இரண்டு மணிக்கு மழை தொடங்கும், அவர் திரும்பிவிடுவார்.

டிசம்பரில் அப்பா ரிட்டயர் ஆனார். கிறிஸ்துமஸ் லீவில் வீட்டு மந்திரிப்பு, பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துப் புது வீட்டை ஆசீர்வதிக்கும் நாள். முந்தின நாள் இருட்டிய பிறகு, சித்திரபுரத்திலிருந்து இரண்டு ஜீப்பில் சொந்தக்காரர்களோடு நாங்களும் வந்து இறங்கினோம். டிசம்பர் மாதக் காலை எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

சாமியார் எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அப்பா ஐந்தரைக்கே எழுந்து குளித்து, புது வேட்டி கட்டி, சிட்-அவுட்டில் நாற்காலியையும் முக்காலியையும் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. கையில் கட்டன் சாயா. சித்தப்பா, அத்தை, மாமா என்று இருபது பேர் பின்னால் நின்றோம். முருகையா மேஸ்திரியும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஓரமாக நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று ஜெபமாலையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரோட்டுக்கு மேலே இருந்த மலைமுகட்டில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கினார். வெளிச்சம் முகட்டிலிருந்து மெல்லக் கீழே இறங்கி ரோட்டுக்கு வந்தது. ரோட்டோடு நின்றுவிட்டது. அதற்கு இப்பால் எங்கள் வீட்டின் நிழல், கூரையும் ஓடுமாக, அச்சு அசலாக முற்றத்தில் நீண்டு கிடந்தது. அந்த நிழலுக்கு நடுவில் அப்பா இரண்டு முழங்காலையும் நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"என்ன, இன்னும் வரல?"

அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"ஏங்க, இங்க கண்ணு கூசுது! பின்னாடி கதவச் சாத்துங்க!"

இருபது தலையும் ஒரே சமயத்தில் முருகையா மேஸ்திரி பக்கம் திரும்பின. சித்தப்பா ஃபேக்டரியில் யூனியன் லீடர், சும்மா இருப்பாரா?

"என்ன மேஸ்திரி இது? கெழக்கு எது மேக்கு எதுன்னு தெரியாமலா ஒரு மனுசன் வீடு கட்டுவான்? ஆசையாக் கேட்டாருல்ல எங்க அண்ணன்!"

மேஸ்திரி என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லங்க... ஒங்க கோயில்ல வாசல் மேக்கப் பாத்துத்தான இருக்கு? பூச வைக்கிற பக்கம் கெழக்கால்ல இருக்கு? சரி, வேதக்காரவுக வழக்கம் அப்படிப் போலன்னு நெனச்சுட்டேன்."

எங்கள் எஸ்டேட் சர்ச் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. அந்த மனிதர் ஐந்து மாதம் எங்களுக்காக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, அதை நம்பி, முழு மரியாதையோடு எங்கள் வீட்டைத் திருப்பி வைத்துக் கட்டியிருக்கிறார். அதற்கு மேல் என்னால் கதவுக்குப் பின்னால் நிற்க முடியவில்லை.

"அவரு மேல தப்பு இல்ல சித்தப்பா. அவரு அன்னைக்கே சொன்னாரு. நான்தான் கேக்கல. அந்தப் பாறை காந்தம். காம்பஸ்ஸ அது மேல வெச்சுப் பாத்துட்டேன். எனக்கு ஆகஸ்டுலயே தெரியும். சொல்லப் பயந்துட்டேன்."

"பாறைக்குள்ள காந்தமா?" என்றார் அத்தை. அடுத்த நிமிடம் கூட்டம் அப்பாவை மறந்துவிட்டது. யாரோ ஒருவர் போனைக் கொண்டுபோய்ப் பாறைமேல் வைத்தார். அத்தை தன் முந்தானையிலிருந்த ஊக்கைக் கழற்றிப் பாறையில் ஒட்டிப் பார்த்தார். எட்டு மணிக்கு வந்த சாமியார் தீர்த்தச் செம்பை மதில்மேல் வைத்துவிட்டு வரிசையில் நின்று தன் போனையும் வைத்துப் பார்த்தார். "அட, ஆமா!" என்று ஒவ்வொருவரும் சொல்லும்போதும் என் மானம் ஒரு படி இறங்கியது. மேஸ்திரி மட்டும் என் பக்கத்தில் வந்து, "போகட்டும் பாப்பா, செவுரு நல்ல ஸ்ட்ராங்கு" என்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நியாயமாக ஜூலையிலேயே கேட்டிருக்க வேண்டியது.

அப்பா எழுந்தார். சாயா கிளாஸை என் கையில் கொடுத்தார். நாற்காலியைத் தூக்கித் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். நான் முக்காலியையும் கிளாஸையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஹாலைக் கடந்து, சமையலறைக்குள் புகுந்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில், பின்கதவுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வேட்டியை ஏற்றினார். காலை நீட்டினார். பள்ளத்தாக்கிலிருந்து எழும்பிய வெயில் இரண்டு முட்டியிலும் சரியாக விழுந்தது.

"ஆங்... வந்துருச்சு" என்றார்.

அம்மா அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வெங்காயக் கூடையை அவர் மடியில் வைத்தாள். "உக்காந்திருக்க நேரத்துல இதையும் உரிங்க."

அன்றைக்கு உட்கார்ந்தவர் இன்றுவரை அந்த இடத்தை விட்டு எழவில்லை. கல்யாணமான நாளிலிருந்து சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர் இப்போது தினமும் காலையில் பீன்ஸ் நறுக்குகிறார், முருங்கைக்கீரை ஆய்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் பின்பக்கமாகவே வந்து பழகிவிட்டார்கள். நம்பர் பலகை அடிக்க வந்த பஞ்சாயத்து ஆளும் அந்த வழியாக வந்து சமையலறைக் கதவிலேயே அடித்துவிட்டுப் போனார். ஆக, அரசாங்கக் கணக்கில் எங்கள் வீட்டுக்கு அதுதான் முன்வாசல். குடும்பத்தில் இப்போது இரண்டு கிழக்கு உண்டு. வெயில் வரும் பக்கம் வெறும் கிழக்கு. வராத பக்கம் 'ஜெசி கிழக்கு'. "செருப்ப ஜெசி கெழக்குல கழட்டிப் போட்டுட்டு வாங்க" என்று அத்தை விருந்தாளிகளிடம் கூசாமல் சொல்கிறார். என் கணவர் எங்கள் வீட்டில் முதலில் கற்றுக்கொண்ட திசையும் அதுதான். நான் இப்போது கிணறு தோண்ட இடம் பார்த்துச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். எங்கள் வீட்டுக்குக் கிணறு தேவைப்பட்டபோது அப்பா முருகையா மேஸ்திரியைத்தான் கூப்பிட்டார்.

போன வருடம் மனசு கேட்காமல் நானே பேச்சை எடுத்தேன். என் செலவில் பின்பக்கம் ஒரு நல்ல சிட்-அவுட் கட்டி, சமையலறையை ரோட்டுப் பக்கம் மாற்றிவிடலாம், அப்பா ஆசைப்பட்ட மாதிரியே ஆகிவிடும் என்றேன். அப்பா முகம் மலர்ந்தது. பூண்டு உரிப்பதை நிறுத்திவிட்டு எந்தச் சுவரை இடிக்கலாம் என்று பார்க்கத் தொடங்கினார்.

அடுப்புப் பக்கமிருந்து அம்மா திரும்பினாள். லயத்துச் சமையலறைக்கு ஜன்னலே கிடையாது. பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் நேரத்துக்குள் சமைத்து முடிக்க விடிவதற்கு முன்னால் அடுப்பு மூட்டுவாள், இருட்டிய பிறகு வந்து மறுபடி மூட்டுவாள். அந்த முப்பது வருடத்தில் தன் அடுப்பைப் பகல் வெளிச்சத்தில் அவள் பார்த்ததே ஞாயிற்றுக்கிழமைகளில்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்தும் தோன்றவில்லை.

"செவுத்துல யாராச்சும் கைய வெச்சுப் பாருங்க" என்றாள், கரண்டியோடு. "அவருக்கு வாசல் எந்தப் பக்கம் வேணும்னு ஊரே கேட்டுச்சு. எனக்கு அடுப்பு எந்தப் பக்கம் வேணும்னு உங்கள்ல ஒருத்தராச்சும் கேட்டீகளா? அந்தக் கல்லு ஒண்ணுதான் எனக்குன்னு பாத்துச் செஞ்சது."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு பூண்டு உரித்தோம்.